அக்காவிடம் கேளுங்கள்: ஹரிக்கேன் சீசனும் ஆட்டிசப் பிள்ளைகளும்

ஜூன் 1 பிறந்தால் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன் சீசன், அதாவது பெரும்புயல் காலம். போன இதழில் இதைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் மாமியார் கேள்விகளுக்கும் விசா கேள்விகளுக்கும் இந்த மாதம் லீவு. எனக்கு இருப்பது அனுபவம்தான்: ஹியூஸ்டன் பக்கம் கேட்டியில் வீடு, 21 வயதில் ஆட்டிசம் உள்ள மகன். ஐக், ஹார்வி, பெரில் என்று மூன்று புயல்களையும் அவனோடு பார்த்தாயிற்று. டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 2024-ல் ஹெலீன், மில்டன் என்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு புயலைப் பார்த்ததிலிருந்து, டிவியில் அந்த மேப் வந்தாலே “எப்ப வரும்? நம்ம வீட்டுக்கு வருமா?” என்று நாள் முழுக்கக் கேட்கிறாள். “வராதும்மா” என்று சொல்லிப் பார்த்தோம். “வியாழக்கிழமை வரும்” என்றும் சொன்னோம். மில்டன் புதன் ராத்திரியே வந்து நின்றது. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். என்னதான் சொல்வது அக்கா?
– ஒரு தாய், டாம்பா

பதில்: அந்த இரண்டு வாக்கியத்தையும் இனிமேல் சொல்லாதீர்கள் தங்கச்சி. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையமே அப்படி அடித்துச் சொல்வதில்லை. டிவியில் காட்டும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி போகக்கூடிய வழி மட்டும்தான். அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் மையம் கூம்புக்குள்ளேயே நிற்கும். காற்றும் மழையும் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வரும். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற குழந்தைக்கு, கோட்டுக்கு வெளியே இருக்கிற வீடு பத்திரமான வீடு. அப்புறம் ஜன்னல் அதிரும்போது பயம் பாதி, “அம்மா தப்பாச் சொல்லிட்டா” என்ற கோபம் பாதி.

புயல் என்ன செய்யும் என்பதை விட்டுவிட்டு, நாம் என்ன செய்வோம் என்பதைச் சொல்லுங்கள். நம்மால் வாக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘ஹரிக்கேன் வாட்ச்’ (புயல் வரக்கூடும்) என்றால் பைகள் ஹாலுக்கு வரும், காருக்குப் பெட்ரோல் போடுவோம். ‘வார்னிங்’ (வரப்போகிறது) என்றால் தோட்டத்து நாற்காலிகள் உள்ளே வரும், ஜன்னலுக்குப் பலகை ஏறும். கவுண்டி (உள்ளூர் நிர்வாகம்) நம் ஸோனை, அதாவது நம் பகுதியை, காலி செய்யச் சொன்னால் காரில் ஏறுவோம், ஆஸ்டினில் சித்தி வீடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் வீட்டு ஃபோட்டோவே இருக்கிறது, எங்கள் நாற்காலி, எங்கள் கார். இன்டர்நெட்டில் எடுத்த படத்தைப் போட்டால் “இது நம்ம கார் இல்லை” என்று ஒரு விசாரணை நடக்கும்.

பலமான காற்று வந்து சேர்வதற்கு ஏறக்குறைய 48 மணி நேரம் முன்னால் வாட்ச், 36 மணி நேரம் முன்னால் வார்னிங் என்பது கணக்கு. உங்கள் ஊரில் ஸோன்களுக்கு எழுத்து உண்டு. உங்கள் வீட்டு எழுத்தைக் கவுண்டி தளத்தில் பார்த்து இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தேசிய ஹரிக்கேன் மையத்தின் அறிக்கை உங்கள் நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று கடிகாரம் மாதிரி வரும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, காலை 11, மாலை 5 அறிக்கைகளைப் பார்த்து எழுதும் பொறுப்பை அவளிடமே விடுங்கள். நடுவில் கேட்டால் “அஞ்சு மணிக்குப் பார்க்கலாம்” என்பது உண்மையான பதில், சமாளிப்பு இல்லை. அந்த நேரம் தவிர டிவியை மூடி வையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு கத்தும் நிருபரைப் பார்த்து யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது.

பட்டியல் பிடிக்கும் குழந்தையா? ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 பெயர், க்யூ, யூ, எக்ஸ், ஒய், இஸட் எழுத்துகளில் பெயர் கிடையாது, ஆறு பட்டியல்கள் சுற்றிச் சுற்றி வரும், ரொம்ப நாசம் செய்த புயலின் பெயருக்கு ஓய்வு. என் பையனுக்கு ஆறு பட்டியலும் மனப்பாடம். பெரில் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று எங்களுக்குச் சொன்னதே அவன்தான். அத்தை பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: மகனுக்கு 14 வயது. பேச்சு இல்லை, டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத்தான் பேசுவான். பெரிலின்போது எங்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. டேப்லெட் அணைந்ததும் அவன் கையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். அதற்கு முன்னால், ஃபோனில் எச்சரிக்கை அலறியபோதே சுவரில் தலையை மோதிக்கொண்டான். அடுத்த தடவைக்கு ஜெனரேட்டர் வாங்கினால் போதுமா?
– ஒரு தந்தை, ஷுகர் லேண்ட்

பதில்: ஜெனரேட்டர் வாங்குங்கள், ஆனால் அது உங்கள் பிரச்சினையில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே வைக்க வேண்டும். கராஜில், கதவைத் திறந்து வைத்திருந்தாலும், கூடவே கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அதன் உறுமலை உங்கள் பையன் தாங்குவானா என்பதும் இருக்கிறது. டேப்லெட்டுக்கு மட்டும் என்றால், சத்தம் போடாத பெரிய பேட்டரி ஒன்று போதும்.

முதலில் காகிதம். அவன் டேப்லெட்டில் பயன்படுத்தும் பக்கங்களை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து ஒரு வளையத்தில் கோத்துவிடுங்கள். அதே படம், அதே இடம். விரல் பழகின இடத்துக்குத்தான் போகும். ‘கரண்ட் இல்லை’, ‘சத்தம்’, ‘வலிக்குது’, ‘நிறுத்து’, ‘எப்போ?’ இவற்றையும் சேருங்கள். டேப்லெட் வேலை செய்யும் நாள்களிலேயே, சாப்பிடும்போது, அந்த வளையத்தைக் கொண்டு அவனோடு பேசுங்கள். இருட்டில் முதல் தடவையாக நீட்டினால் தூக்கி எறிவான், நியாயம்தான்.

இரண்டாவது ஒத்திகை. எங்கள் வீட்டில் சில சனிக்கிழமை சாயங்காலங்களில், வீட்டுக் கரண்ட் மொத்தத்தையும் நிறுத்தும் மெயின் பிரேக்கரை இறக்குவோம். கராஜுக்குப் போய், பெட்டியைத் திறந்து, அந்தக் கறுப்புக் குமிழை ‘டக்’ என்று தள்ளுவது என் பையன் வேலை. அவன் அப்பா பக்கத்தில் டார்ச்சோடு நிற்பார். உடனே ஏசி ஓசை அடங்கும், ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கும். நமக்கு இருட்டினால்தான் கரண்ட் போனது உறைக்கும். அவனுக்கு அந்த ஓசை நின்றதுதான் பெரிய விஷயம், தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும். அதனால் ஓசை நின்றதும் அடுத்து என்ன என்பதைக் கெட்டியாகப் பழக்கியிருக்கிறோம்: பேட்டரி விசிறியைப் போடுவான், அதன் ‘உர்ர்’ சத்தம் வரும், தோள் கொஞ்சம் இறங்கும். பிறகு தலையில் மாட்டும் விளக்கு, பிறகு கடலை வெண்ணெய் தடவின பிஸ்கட். முதலில் பத்து நிமிஷம், பழகினால் ஒரு சாப்பாட்டு நேரம், பழகினால் ஒரு ராத்திரி. அவன் கையால் நிறுத்திப் பழகிய கரண்ட் தானாகப் போகும் நாளில் அவனுக்கு அடுத்து செய்ய வேண்டியது தெரியும். (கம்ப்யூட்டரை முன்னாலேயே அணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் இதை நான் எழுதியே ஆக வேண்டும் என்றார்.)

சாப்பாட்டிலும் இதே கதைதான். திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீஸர் இரண்டு நாள். தயிர் சாதம் தவிர வேறெதுவும் தொடாத பிள்ளைக்கு அந்த நாலு மணி நேரத்துக்குப் பிறகு என்ன? ஃப்ரிட்ஜ் தேவைப்படாத ஏதாவது ஒன்றை ஜூனிலிருந்தே வாரம் ஒருமுறை தட்டில் வையுங்கள். அவன் ஒப்புக்கொண்ட பிராண்டையே வாங்கி அடுக்குங்கள். தள்ளுபடியில் கிடைத்த வேறு டப்பா எதற்கும் உதவாது.

ஃபோன் அலறலுக்கு: அவன் கையில் இருக்கும் கருவிகளில் அரசாங்க எச்சரிக்கை ஒலிகளைச் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் ஃபோனிலாவது அது இருந்தே தீர வேண்டும். ராத்திரி டொர்னேடோ (சூறாவளிச் சுழல்) எச்சரிக்கை வந்தால் உங்களை எழுப்ப அது வேண்டும். ஒட்டுமொத்த நாட்டுக்கும் அனுப்பும் எச்சரிக்கையை மட்டும் அணைக்க முடியாது. 2023 அக்டோபர் 4 அன்று மத்தியானம் சோதனைக்காக அத்தனை ஃபோனும் ஒரே நேரத்தில் கத்தியது ஞாபகம் இருக்கும். அப்படி முன்கூட்டியே தேதி சொல்லிச் சோதிக்கும்போது, ஃபோன்களை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவதில் தப்பே இல்லை.

கேள்வி: எனக்கு மன்னார்குடி. ஃபோர்ட் மையர்ஸில் பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன். பேரனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம்னு சொல்றாங்க. புயல் வந்தா ஷெல்டர்ங்கிற முகாமுக்குப் போகணும்னு பொண்ணு லிஸ்ட் போட்டு வச்சிருக்கா. நூறு பேருக்கு நடுவுல அந்தக் குழந்தை எப்படிம்மா இருக்கும்? கஜாவுக்கே நாங்க வீட்டை விட்டு நகரலை. கதவைச் சாத்திட்டு வீட்டுலயே இருந்தா என்ன?
– ஒரு பாட்டி

பதில்: வணக்கம் அம்மா. குழந்தை தாங்காது என்று நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் 2018-ல் கஜா உங்கள் ஊரில் தென்னையைச் சாய்த்தது காற்றால். ஃபோர்ட் மையர்ஸ் கதை வேறு. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் வந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் தரையிலிருந்து 10 அடி முதல் 15 அடி வரை ஏறி நின்றது. காற்றென்றால் வீட்டுக்குள் பதுங்கலாம்; கடல் ஏறி வந்தால் இடத்தைக் காலி பண்ணத்தான் வேண்டும். உங்கள் பெண் வீட்டு ஸோனைச் சொல்லிவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

ஆனால் கிளம்புவது என்றால் ஷெல்டர்தான் என்றில்லை, தொலைதூரம் ஓட வேண்டும் என்றும் இல்லை. ஸோனுக்கு வெளியே, கொஞ்சம் உள்நாட்டுப் பக்கம், உறுதியான வீட்டில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதுதான் முதல் இடம். இந்தக் கோடையில் ஒரு ராத்திரி அங்கே போய்த் தங்கிவிட்டு வாருங்கள், குழந்தைக்கு அந்தக் குளியலறை பழகட்டும். அடுத்தது ஹோட்டல். எங்கே போனாலும் முன்னதாகப் போங்கள். 2005-ல் ரீட்டா புயலுக்குப் பயந்து எங்கள் ஹியூஸ்டனே ஒரே நேரத்தில் கிளம்பி, நெடுஞ்சாலையில் கார்கள் மணிக்கணக்கில் வெயிலில் நின்றன. அந்த வெளியேற்றத்திலேயே நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நகராத காரில் கட்டிப்போட்ட ஆறு வயசுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

ஷெல்டர்தான் என்று ஆகிவிட்டால்: ஃப்ளோரிடாவில் நிறைய ஷெல்டர்கள் பள்ளிக்கூடங்கள்தான். எந்தப் பள்ளி என்று பெண்ணிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வளாகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். ஆட்டிசம் என்பதற்காகத் திருப்பி அனுப்ப 1990-ல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டம் இடம் தராது. நியாயமான மாற்றம் செய்து தரவும் வேண்டும். அதைச் சண்டையாக இல்லாமல், பெயர் பதியும்போதே தெளிவாகக் கேட்கச் சொல்லுங்கள்: சுவரோரமாக இடம், முடிந்தால் தனி வகுப்பறை, சாப்பாட்டு வரிசையில் குழந்தை நிற்காமல் தட்டை வாங்கிப் போக அனுமதி. மேலே ட்யூப்லைட் ராத்திரி முழுக்க எரியும். அதற்கு, உதறினால் விரியும் சின்னக் குழந்தைக் கூடாரம் ஒன்றைக் கொண்டுபோகலாம். உள்ளே அவன் தலையணை, துவைக்காத உறையோடு. வீட்டு வாசனை இருக்கட்டும்.

சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கென்று தனி ஷெல்டர்களும் அங்கே உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் மருத்துவ உதவி தேவைப்படுபவர்களுக்கு. உங்கள் பேரனுக்கு எது பொருந்தும் என்று கவுண்டியிடம் இப்போதே கேட்டுப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். (டெக்சஸ் வாசகர்களுக்கு: 211-ஐ அழைத்து ‘ஸ்டியர்’ என்ற மாநில அவசர உதவிப் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம். வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். பெயர் இருப்பதாலேயே ஆள் வந்து அழைத்துப் போவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.)

அப்புறம் ஒன்று அம்மா. காற்று அடிக்கும்போது நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் சொல்லும் ஸ்லோகத்தையோ பாட்டையோ அதே ராகத்தில் சொல்லிக்கொண்டிருங்கள். உங்கள் பெண்ணின் லிஸ்ட்டில் அது இருக்காது.

கேள்வி: மாத்திரைகளை எவ்வளவு நாளைக்குச் சேர்த்து வைக்கலாம்? மகன் எரிச்சலைக் குறைக்க ரிஸ்பெரிடோனும், கவனக்குறைவுக்கு மெத்தில்ஃபெனிடேட்டும் சாப்பிடுகிறான்.
– ஒரு வாசகி, ஜாக்சன்வில்

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்கு. ஃப்ளோரிடாவில் உங்கள் கவுண்டிக்கு ஹரிக்கேன் வார்னிங் வந்தாலோ அவசரநிலை அறிவித்தாலோ, தேதி ஆகவில்லை என்று இன்ஷூரன்ஸ் மறுக்காமல் 30 நாள் ரீஃபில் தர வேண்டும். ரிஸ்பெரிடோனை அப்படி வாங்கிவிடலாம். மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டு மருந்துகளில் இரண்டாம் பட்டியல். அதற்கு ரீஃபிலே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுப் பிரிஸ்கிரிப்ஷன். ஆகவே சீசனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசி வையுங்கள். பேசும்போது வெயிலைப் பற்றியும் கேளுங்கள். ரிஸ்பெரிடோன் வகை மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கக்கூடும். ஏசி இல்லாத வீட்டில் “தாகமா இருக்கு” என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, நாம்தான் நேரம் வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மகள் வீட்டை விட்டு ஓடிவிடுவாள். வழக்கமாகக் கதவில் அலாரம் உண்டு. புயல் சமயத்தில் என்ன செய்வது?
– ஒரு தம்பதி, பேர்லாண்ட்

பதில்: அந்த அலாரம் கரண்டில் ஓடுகிறதா, பேட்டரியிலா? இந்த இதழைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். கரண்ட் போன வீட்டில், பலகை அடிப்பதும் பையைத் தூக்குவதுமாகக் கதவு திறந்தும் மூடியும் இருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். கதவில் ஒட்டும் சின்ன பேட்டரி அலாரம் கடைகளில் கிடைக்கிறது. எல்லாக் கதவுக்கும் ஒன்று போடுங்கள். இடுப்பில் கட்டும் ஜிபிஎஸ் கருவியை மட்டும் நம்பாதீர்கள், செல் டவர் விழுந்தால் அதுவும் ஊமை. “இந்த ஒரு மணி நேரம் இவளைப் பார்ப்பது நான்” என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பெடுக்க வேண்டும். அந்த ஆள் பலகை பிடிக்கக் கூடாது, ஃபோன் பேசக் கூடாது.

புயல் போன மறுநாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் ஒரு ஈர்ப்பு. ஓடிப்போய் உயிரிழக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தண்ணீரில்தான் போகிறார்கள். வெள்ளம் வடிந்த ஊரில் நேற்று சாக்கடையாக இருந்தது இன்று குளம். அறுந்த மின்கம்பியும் அதில் கிடக்கலாம். காணவில்லை என்றால், வீட்டு அலமாரிகளைத் தேட ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நேராகத் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள், அவசர எண் 911-ஐக் கூப்பிட்டபடியே. சமீபத்திய ஃபோட்டோவோடு அரைப்பக்கக் குறிப்பு ஒன்று காரில் ஒரு பிரதி, பையில் ஒரு பிரதி இருக்கட்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பின்னாலிருந்து தொடாதீர்கள், இன்ன பாட்டைப் பாடினால் வருவாள்.

கேள்வி: எனக்கு ஆட்டிசம் உண்டு. வயது 26, ஆர்லாண்டோவில் அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறேன், வேலை பார்க்கிறேன். புயல் என்றால் காதில் இயர்பிளக், அதற்கு மேல் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை என் அம்மா அப்பா. டாலஸிலிருந்து மணிக்கு ஒரு தடவை ஃபோன் செய்கிறார்கள். எடுக்காவிட்டால் அழுகிறார்கள். ஃபோன் பேசுவது எனக்குப் புயலைவிடக் கஷ்டம். எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகர், ஆர்லாண்டோ

பதில்: தம்பி, இயர்பிளக்குக்கு மேல் ஹெட்ஃபோன் யோசனையை என் பையனுக்கு எடுத்துக்கொண்டேன், நன்றி. ஆனால் அப்படிக் காதை அடைத்துக்கொண்டால் எச்சரிக்கையும் கேட்காது. ஃபோனை அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில், உடம்பைத் தொட்டபடி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கவுண்டியில் 911-க்கு டெக்ஸ்ட் அனுப்ப முடியுமா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பல இடங்களில் முடியும். பேச வராத நேரத்தில் உதவும்.

பெற்றோருக்கு ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். ஹரிக்கேன் மையத்தின் அறிக்கை வரும் அதே நேரங்களில், காலை 11, மாலை 5, இரவு 11, நீங்கள் ஒரே ஒரு டெக்ஸ்ட் அனுப்புவீர்கள். ‘1’ என்றால் நலம். ‘2’ என்றால் கரண்ட் இல்லை, ஆனால் நலம். ‘3’ என்றால் கூப்பிடுங்கள். நேரம் தவறி அரை மணி ஆனால் அவர்கள் டெக்ஸ்ட் அனுப்பலாம். ஒரு மணி நேரம் ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம். அதற்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும், அது உங்கள் பங்கு. புயலில் லைன் கிடைக்காதபோதும் டெக்ஸ்ட் பெரும்பாலும் போய்விடும், பேட்டரியும் மிஞ்சும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்கு அந்தக் காரணம் பிடிக்கும். அம்மாவிடம் காரணம் எடுபடாது. சீசன் தொடங்கும் முன் ஒரு சாதாரண வாரக்கடைசியில் இதை ஒத்திகை பாருங்கள். சொன்ன நேரத்துக்கு ‘1’ வந்து விழுவதை அவர் இரண்டு நாள் பார்க்கட்டும்.

இந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கு நான் சொல்வதும் அதேதான்: பதில் டெக்ஸ்டில் வரும், ஃபோன் செய்யாதீர்கள்.